சீஸ் துருவும்போது அமுக்கும் கையைக் கவனியுங்கள்

கைப்பிடியைச் சுற்றித் துருவும் சீஸ் துருவியை ஆசையாக வாங்கியவர்கள் பலர், கொஞ்ச நாளிலேயே அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். சீஸ் பிசுபிசுவென்று உருளையில் அப்பிக்கொள்கிறது, சுற்றினால் கை வலிக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். சீஸ் போதுமான குளிர்ச்சியில் இல்லை. அதனால் அது வெட்டுப்படாமல் வழுக்குகிறது. அதைச் சரிக்கட்ட நாம் கையால் அழுத்தி அமுக்குகிறோம். அமுக்க அமுக்க சீஸ் நசுங்கி, துளைகளுக்குள் மாவாகப் புகுந்து அடைத்துக்கொள்கிறது.

துருவுவது உருளையின் வேலை. சீஸ் உருளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வது மட்டும்தான் உங்கள் கையின் வேலை. இந்த ஒன்றைப் பழகிவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இந்தத் துருவி எப்போதும் எடுத்துப் புழங்குகிற சாமான். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு. நாலுபக்கத் துருவியில் சீஸை இறுக்கிப் பிடித்து மேலும் கீழும் தேய்ப்பது அவரால் ஆகாது. மகள் இடதுகைக்காரி. சிறுபிள்ளையாக இருந்தபோதே அவள் சமையலறையில் உதவ வந்த முதல் வேலை இது, ஏனென்றால் விரல் நுனி பல்லில் படவே படாது. இவர்கள் இரண்டு பேருக்கும் எது சரியாக வருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கருவியின் போக்கு புரிந்தது.

கையில் பிடிப்பதா, மேடையில் நிற்பதா

கைச்சுற்றுத் துருவியில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. ஒன்று கையில் பிடித்துக்கொள்வது. இரண்டு கரங்கள் ஒரு கீலில் சேர்ந்திருக்கும். கீழ்க்கரத்தின் தலையில் சின்ன உருளை, அதன் பக்கவாட்டில் சுற்றும் கைப்பிடி. உருளைக்கு மேலே சீஸ் துண்டை வைத்து, மேல்கரத்தை மூடினால் அதன் தகடு சீஸை உருளையின்மேல் அழுத்தும். ஒரு கை கரங்களைப் பிடிக்கும், மறு கை சுற்றும். சாப்பாட்டு மேசையிலேயே தட்டுக்கு மேல் பிடித்து 20, 30 கிராம் துருவிக்கொள்ள இதைவிட வசதியானது கிடையாது.

இன்னொன்று மேடையில் நிற்பது. அடியில் ரப்பர் வட்டு இருக்கும். ஒரு நெம்பைத் திருப்பினால் அது மேடையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மேலே சீஸ் போடுகிற வாய், அதற்குள் அழுத்துகிற கட்டை, பக்கத்தில் பெரிய கைப்பிடி. மாற்றி மாற்றிப் போட இரண்டு மூன்று உருளைகள் கூடவே வரும். கால் கிலோ சீஸ் துருவ வேண்டும் என்றால் இதுதான் சரி. விரல் வலி உள்ளவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கையில் பிடிக்கும் வகையில் ஒரு கை விடாமல் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கும் வகையில் அந்த இறுக்கம் கிடையாது, உள்ளங்கையைக் கட்டையின்மேல் சும்மா வைத்திருந்தால் போதும்.

வாங்கும்போது உருளை துருப்பிடிக்காத எஃகா என்று பாருங்கள். துளைகளின் விளிம்பைக் கவனியுங்கள், ஒரு பக்கம் மட்டும் தூக்கி நிற்கிற கூரான பல் இருக்க வேண்டும். கைப்பிடியின் குமிழ் உள்ளங்கையை நிறைக்கிற அளவு இருந்தால் நல்லது. குண்டுமணி அளவு குமிழ் வைத்த துருவிகள் விரல் நுனிகளைக் களைக்க வைக்கும். கையில் பிடிக்கும் வகையில் கீலைத் திறந்து மூடிப் பாருங்கள். அது பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம். இந்தத் துருவிகளில் முதலில் உடைவது பெரும்பாலும் கீலாகத்தான் இருக்கும், அதுவும் பிளாஸ்டிக் கீல்.

ரப்பர் வட்டு ஒட்டவில்லை என்று குறை சொல்கிறவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வழவழப்பான, துளையில்லாத பரப்பில்தான் அது பிடிக்கும். கண்ணாடி, எஃகு, மெருகேற்றிய கல் எல்லாம் சரி. மரப்பலகையில் ஒட்டாது. ஓடுகளுக்கு இடையிலுள்ள கோட்டின்மேல் வைத்தாலும் காற்று புகுந்து விட்டுவிடும். வைக்கிற இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ரப்பரின் அடியை ஈரத்துணியால் ஒருதடவை ஒற்றி எடுத்துவிட்டு நெம்பைத் திருப்புங்கள். நல்ல பிடி கிடைக்கும்.

எந்த சீஸுக்கு எந்த உருளை

சீஸில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதுதான் அது எப்படித் துருவுப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. நன்றாக முதிர்ந்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ போன்ற கெட்டி சீஸில் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதம்தான். இத்தாலியின் விதிப்படி அது குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகே அந்தப் பெயரில் விற்பனைக்கு வர முடியும், அதற்குள் அவ்வளவு காய்ந்துவிடுகிறது. செடாரில் ஈரம் 37 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பீட்சாவுக்குப் போடும் ஈரம் குறைந்த மொசரெல்லாவில் 45 முதல் 52 சதவீதம் வரை. தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கிற பந்து மொசரெல்லாவில் அதற்கும் மேல்.

பார்மிஜானோ போன்ற கெட்டி சீஸுக்கு நுண்துளை உருளை. தூள் மாதிரி, கொஞ்சம் நார் கலந்து விழும். பாஸ்தா, சூப் எதன்மேல் தூவினாலும் சூட்டில் பட்டதும் கரைந்துவிடும். செடார், கௌடா, க்ருயேர், எமென்டால் போன்ற நடுத்தரக் கெட்டி சீஸுக்குப் பெருந்துளை உருளை. இவற்றை நுண்துளையில் போட்டால் துருவல் விழாது, களிம்புதான் வரும். ஈரம் குறைந்த மொசரெல்லாவும் பெருந்துளைதான், ஆனால் அதற்குக் கூடுதல் குளிர்ச்சி வேண்டும். டப்பாவிலோ காகிதத்திலோ கட்டியாக வரும் பதப்படுத்திய சீஸும் அப்படியே. கொழுப்பும் நீரும் பிரியாமல் உருகுவதற்கான உப்புகளை அதில் சேர்த்து ஒருபடித்தாக உருக்கி வார்த்திருப்பார்கள், அதனால் ரப்பர்போல வளைந்துகொடுக்கும், பல்லில் சட்டென்று ஒட்டும்.

பந்து மொசரெல்லா, ப்ரீ, கமெம்பேர் போன்ற மென்மையான சீஸ்களைத் துருவியின் பக்கமே கொண்டுவர வேண்டாம். கத்தியால் வெட்டுவதும் கையால் பிய்ப்பதும்தான் அவற்றுக்கு ஏற்றது. ஃபெட்டாவை விரலால் உதிர்த்துவிடலாம். நீலப்பூஞ்சை சீஸும் அப்படித்தான்.

சில செட்களில் மூன்றாவதாக, சீவல் போடுகிற உருளை ஒன்று வரும். சீஸுக்கு அது எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை.

குளிர்ச்சி

பால் கொழுப்பு ஒரே சூட்டில் சட்டென்று உருகுகிற பொருள் இல்லை. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் அதில் பெரும்பங்கு கட்டியாக இருக்கும். அறை வெப்பத்துக்கு வரும்போது நிறையவே இளகிவிடும். உடம்புச் சூட்டை ஒட்டி ஏறக்குறைய முழுவதும் உருகிவிடும். சீஸை வெளியே எடுத்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், திரும்பி வரும்போது அதன் வெளிப்பரப்பில் எண்ணெய் மினுமினுப்பு தெரியும். அந்த நிலையில் துருவினால் கட்டாயம் ஒட்டும்.

ஆகவே மற்ற எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கடைசியாக சீஸை வெளியே எடுங்கள். செடார், கௌடா என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துருவலாம். மொசரெல்லாவையும் பதப்படுத்திய சீஸையும் 20 முதல் 30 நிமிடம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். தொட்டால் வெளிப்புறம் விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் உள்ளே உறைந்து கல்லாகிவிடக் கூடாது. உறைந்துபோனால் துருவல் நீளமாக வராது, பொடிப்பொடியாக உதிரும். வெட்டிய துண்டுகளாக வைத்தால் சீக்கிரம் விறைக்கும்.

கெட்டி சீஸுக்கு ஃபிரீசர் வேண்டவே வேண்டாம். அது ஏற்கெனவே காய்ந்தது, மேலும் விறைத்தால் பல் ஏறாமல் சில்லுசில்லாகத் தெறிக்கும். மேசையில் தூவிச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கொஞ்ச நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைக்கலாம். குளிர் விட்ட பிறகுதான் அதன் மணம் முழுதாக எழும்.

வெயில் கடுமையாக இருக்கிற நாட்களில் சீஸோடு சேர்த்து உருளையையும் பத்து நிமிடம் ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். மெல்லிய எஃகு சட்டென்று குளிர்ந்துவிடும், சீஸின் சூடும் ஏறாது. ஆனால் உருளை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பல்லில் பனி படிந்துவிடும். சீஸைத் தொடும்போதும் நேரடியாக விரலால் பிடிக்காமல், அது சுற்றி வந்த காகிதத்தோடு சேர்த்துப் பிடித்து வெட்டினால் கைச்சூடு அதில் ஏறாது.

துண்டு வெட்டுவது

துருவியின் வாய் எவ்வளவு என்று பார்த்து, அதைவிட ஒரு நூல் குறைவாக வெட்டுங்கள். கையில் பிடிக்கும் வகைக்கு 2 செ.மீ. கனம் போதும். துண்டு பெரிதாக இருந்தால் மேல்கரம் முழுதாக மூடாது. சாய்வாக அழுத்தும்போது ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, மறு ஓரம் ஆப்பு வடிவில் சிக்கிக்கொள்ளும். உருளையைத் தொடும் முகம் தட்டையாக இருக்கட்டும்.

தோல் விஷயத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. மெழுகு பூசிய கௌடா, எடாம் என்றால் மெழுகை முழுக்க உரித்துவிட வேண்டும். துணி சுற்றி முதிர வைத்த செடார் என்றால் துணியையும் அதையொட்டிய அழுக்குப் படலத்தையும் சீவிவிட வேண்டும். பார்மிஜானோவின் தோல் அப்படியல்ல. அது காய்ந்து இறுகிய சீஸேதான், வேறெதுவும் பூசியதல்ல. அதை வெட்டி எறியாதீர்கள். தோல் பக்கம் உருளைக்கு எதிர்ப்புறமாக, அதாவது அழுத்தும் தகட்டைத் தொடும்படி வையுங்கள். சதை முழுக்கத் துருவுப்பட்டு, கடைசியில் மெல்லிய தோல்பட்டை மட்டும் மிஞ்சும். அதுவே தகட்டுக்கும் உருளைக்கும் இடையில் காப்பாகவும் இருக்கும். மிஞ்சிய தோலைச் சேர்த்துவைத்து, சூப்போ பீன்ஸோ கொதிக்கும்போது ஒரு துண்டு போடுங்கள், மெல்ல இளகிச் சாறு முழுக்க ருசி இறங்கும். பரிமாறும் முன் எடுத்துவிடலாம்.

முதிர்ந்த சீஸை வெட்டும்போது உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். புரதம் உடைந்து உண்டாகிற டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள் அவை. கடித்தால் நறுக் நறுக்கென்று இருக்கும். சீஸ் நன்றாக முதிர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சுற்றுவது

உருளையை மாட்டும் முன் பல் எந்தப் பக்கம் தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். கூரான விளிம்பு சீஸை நோக்கி முன்னேறும்படி சுற்ற வேண்டும். எதிர்ப்புறம் சுற்றினால் பல்லின் முதுகு சீஸை வருடிக்கொண்டு போகும், ஒன்றும் விழாது. துருவி மழுங்கிவிட்டது என்று சிலர் நினைக்கிற இடம் இது. திசையை மாற்றினாலே சரியாகிவிடும்.

இடதுகைக்காரர்களுக்கு: கையில் பிடிக்கும் துருவிகள் பலவற்றில் உருளையை இரண்டு பக்கத்திலிருந்தும் செருகலாம். இடப்பக்கம் செருகி இடக்கையால் சுற்றலாம். கைப்பிடி உருளையோடு நிலையாக இணைந்திருந்தால், கைப்பிடிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சுற்றும் திசை எப்போதும் ஒன்றேதான், வலமாகச் செருகினாலும் இடமாகச் செருகினாலும் அது மாறாது. என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு அவள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, உருளையைக் கழற்றித் தன் பக்கம் மாட்டிக்கொள்கிறாள். நிற்கும் துருவிகளில் இப்படி மாற்ற முடியாதவை நிறைய. இடதுகைக்காரர்கள் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

துருவல் எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல் வெட்டிய சீஸ் துளை வழியாக உருளைக்கு உள்ளே விழுகிறது. பிறகு கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் திறந்திருக்கிற வாய் வழியாக வெளியே வருகிறது. அதனால் கையில் பிடிக்கும் துருவியை மட்டமாகப் பிடிக்காமல், திறந்த வாய் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும்படி பிடியுங்கள். மட்டமாகப் பிடித்தால் துருவல் உள்ளேயே தேங்கி, பின்னால் வருவதோடு சேர்ந்து அமுங்கி உருண்டையாகிவிடும். நிற்கும் வகையில் இந்தச் சரிவு தானாகவே இருக்கும் அல்லது உருளையே கூம்பாக இருக்கும். அங்கே நீங்கள் செய்ய வேண்டியது வாய்க்கு நேராக அகலமான தட்டு வைப்பது மட்டும். குழிவான கிண்ணம் வைத்தால் துருவல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தன் பாரத்தாலேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அமுக்கும் கைக்கு வருவோம். சீஸை வைத்து மேல்கரத்தை மூடி, முதலில் அமுக்காமலே சுற்றத் தொடங்குங்கள். பல் சீஸில் ஏறியதும் மெல்லிய இழுவை ஒன்று கைக்குத் தெரியும். அந்த இழுவை விட்டுப்போகாத அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுங்கள். தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைத்திருப்பது போல, அவ்வளவுதான். கைப்பிடி திணறினால் உடனே அழுத்தத்தைத் தளர்த்துங்கள், சுற்றும் வேகத்தைக் கூட்டாதீர்கள். திணறலைப் பலத்தால் வெல்லப் பார்ப்பவர்கள்தான் கீலை உடைக்கிறார்கள்.

வேகம் நிதானமாக, ஒரே சீராக இருக்கட்டும். விட்டுவிட்டு வெடுக்கென்று சுற்றினால் துருவல் துண்டுதுண்டாக விழும். சீராகச் சுற்றினால் பெருந்துளை உருளையில் நீள நீளமான இழைகள் வரும். மணிக்கட்டை மட்டும் முறுக்காமல் முழங்கையிலிருந்து சுற்றினால் நிறையத் துருவினாலும் வலிக்காது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, துருவியைத் தன் முழங்கை உயரத்துக்கு வைத்துக்கொண்டுதான் சுற்றுவார். நின்றுகொண்டு உயரமான மேடையில் சுற்றும்போது தோள் தூக்கிக்கொள்ளும், அதுதான் களைப்பைத் தரும்.

கடைசித் துண்டு தகட்டை ஒட்டி மெல்லியதாகிவிடும். அதை விரலால் தள்ளிவிடும் எண்ணமே வேண்டாம். அடுத்த துண்டை அதன்மேல் வையுங்கள், அது இதைத் தள்ளும். அடுத்த துண்டு இல்லையென்றால் அந்தச் சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்டால்

இவ்வளவு செய்தும் துளைகள் அடைத்துக்கொண்டால், மேலும் சுற்றாமல் நிறுத்துங்கள். உருளையைக் கழற்றி, விளிம்பைப் பிடித்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுங்கள். சீஸை மறுபடி ஃபிரீசருக்கு அனுப்புங்கள். உருளையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். பதப்படுத்திய சீஸுக்கும் மொசரெல்லாவுக்கும் தொடங்கும்போதே உருளையின் வெளிப்புறத்தில் வாசனையில்லாத எண்ணெய் ஒரு சொட்டைக் காகிதத்தில் தொட்டுத் தேய்த்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். ஒரு சொட்டுதான். அதிகமானால் சீஸ் வழுக்கும்.

துருவல் விழ விழ இழைகளை விரல் நுனியால் மெல்லப் பிரித்துவிட்டுக்கொள்ளுங்கள். நிறையத் துருவும்போது இரண்டு தட்டு வைத்துக்கொண்டு, நிறைந்ததை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்ததை வையுங்கள்.

அளவு விஷயம்

சமையல் குறிப்பில் "ஒரு கப் துருவிய சீஸ்" என்று இருந்தால் எனக்கு நிம்மதி இருக்காது. பெருந்துளையில் துருவிய செடாருக்கு 240 மி.லி. கப் ஒன்றுக்கு ஏறக்குறைய 113 கிராம் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ஆனால் அதே எடையை நுண்துளையில் துருவினால் கப்பில் வேறு உயரத்துக்கு வரும். அமுக்கி நிரப்பினால் இன்னொரு உயரம். பார்மிஜானோவில் இந்த வித்தியாசம் மிக அதிகம். தகட்டுத் துருவியில் இழைத்த பஞ்சு போன்ற துருவலும், உருளைத் துருவியில் விழுந்த தூளும் ஒரே கப்பில் எடை வெகுவாக மாறும். துருவும் முன்பே கட்டியை எடை போட்டுக்கொள்ளுங்கள். உப்பு நிறைந்த சீஸ் என்பதால் இதில் அசட்டையாக இருந்தால் பண்டமே கரித்துவிடும்.

ஏன் துருவிய சீஸையே வாங்கக் கூடாது

பொட்டலத்தில் துருவி விற்கிற சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் செல்லுலோஸ் தூளோ உருளைக்கிழங்கு மாவோ தூவியிருப்பார்கள். பூஞ்சை வராமல் இருக்க நட்டாமைசின் சேர்ப்பதும் உண்டு. உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை, உணவில் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் சாஸ் செய்யும்போது அந்த மாவுப் படலம் குறுக்கே நிற்கும். சீஸ் வழவழவென்று கரையாமல் சொரசொரப்பாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டி சீஸிலோ மணம்தான் இழப்பு. துருவியதும் காற்றுப்படும் பரப்பு பல மடங்காகிவிடுகிறது. மணம் பறக்கும், ஈரம் போகும். தட்டில் துருவியவுடன் எழுகிற அந்த வாசனையைப் பொட்டலத்தில் ஒருநாளும் பார்க்க முடியாது. என் கருத்தில், கைத்துருவி வைத்திருப்பதற்கான முழுக் காரணமும் இதுதான்.

சாஸ் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கிற சாஸில் துருவலைக் கொட்டாதீர்கள். சூடு மிஞ்சினால் புரதம் இறுகிக் கட்டியாகும், கொழுப்பு தனியே பிரிந்து மேலே மிதக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி, அது கரைந்த பிறகு அடுத்த கைப்பிடி. முதிர்ந்த சீஸைவிட இளஞ்சீஸ் இதில் சுலபமாக இணங்கும். இரண்டையும் கலந்து போட்டால் ருசியும் கிடைக்கும், வழவழப்பும் கிடைக்கும்.

மிஞ்சினால்

வேண்டிய அளவு மட்டும் துருவுவது உத்தமம். மிஞ்சிவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில், அமுக்காமல் தளர்வாக நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். செடார், மொசரெல்லா என்றால் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஃபிரீசரில் விறைக்கவிட்டு, அப்புறம் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டினால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். உருகவைக்கிற பண்டங்களுக்கு அதை இளக்காமலே அப்படியே போடலாம். பச்சையாகத் தூவிச் சாப்பிட அது சரிவராது, உதிரியாகிவிடும்.

பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்பதில் கட்டிக்கும் துருவலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செடார், பார்மிஜானோ போன்ற கெட்டியான கட்டியில் ஒரு மூலையில் பூஞ்சை என்றால், அதைச் சுற்றியும் அடியிலும் குறைந்தது 2.5 செ.மீ. விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். கத்தி பூஞ்சையில் படாமல் வெட்ட வேண்டும். துருவலில் ஒரு இழையில் பூஞ்சை தெரிந்தாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். மென்மையான சீஸுக்கும் இதே விதி.

கழுவுவது

துருவி முடித்த உடனே கழுவுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். காய்ந்த சீஸ் பல்லின் அடியில் இறுகிவிடும். முதல் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கிற சீஸ் உருகி, நூல்நூலாகத் துளைகளைச் சுற்றிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அலசிப் பெரிய துணுக்குகள் போன பிறகு, வெதுவெதுப்பான சோப்பு நீரும் தூரிகையும். பழைய பல் துலக்கும் தூரிகை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பல் தூக்கி நிற்கிற திசைக்கு எதிராகத் தேய்க்காமல், அதன் போக்கிலேயே தேயுங்கள். உள்பக்கத்தையும் ஒருமுறை. பஞ்சு வேண்டாம், அது கிழிந்து நார் துளைகளில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு நல்ல வழி: கழுவும் முன் காய்ந்த ரொட்டியின் மேலோடு ஒரு துண்டைத் துருவியில் சீஸ் வைக்கும் இடத்தில் போட்டுச் சுற்றிவிடுங்கள். ஒட்டியிருக்கும் சீஸை அது வழித்துக்கொண்டு வரும். உருளை முக்கால்வாசி சுத்தமாகிவிடும், வந்த தூளை வேகவைக்கும் பண்டத்தின் மேல் தூவிக்கொள்ளலாம்.

உருளையைக் கழற்றும்போது வெளிப்பரப்பைப் பிடிக்காதீர்கள். சோப்பு வழுக்கலில் விரலைக் கிழித்துவிடும். விளிம்பையோ கைப்பிடியையோ பிடியுங்கள். தொட்டியில் நுரைக்கு அடியில் மூழ்கவிட்டு மறந்துபோவதும் ஆபத்து, அடுத்து கை விடுகிறவருக்குத் தெரியாது. கழுவியதும் துணியால் ஒற்றிவிட்டு, உருளையையும் உடலையும் தனித்தனியே கவிழ்த்துக் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். அச்சு நுழைகிற துளையில் ஈரம் தங்கினால் அடுத்தமுறை வாடை அடிக்கும்.

இதே துருவியில் பாதாம், வால்நட், கெட்டிச் சாக்லேட் எல்லாம் துருவலாம். சாக்லேட்டுக்கும் குளிர்ச்சி விதி அப்படியே பொருந்தும். கொட்டைகளைத் துருவிய பிறகு வீட்டில் யாருக்காவது அவை ஒவ்வாது என்றால், அவர்களுக்கென்று வேறொரு துருவியே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

நாள்பட உருளை மழுங்கும். குளிர்ந்த கெட்டி சீஸ்கூட இழையாக வராமல் தூளும் நொறுங்கலுமாக விழும். வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காமல், அந்த அடையாளத்தைக் கண்டதும் உருளையை மாற்றுங்கள். வீட்டில் அதைச் சாணை பிடிக்க முடியாது. பல தயாரிப்புகளில் உருளை மட்டும் தனியாகக் கிடைக்கும். உடல் நன்றாக இருக்கும்போது முழுத் துருவியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. வாங்கும்போது பழைய உருளையின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து எழுதி எடுத்துப்போங்கள். ஒரே நிறுவனத்தின் துருவிகளிலேயே அளவு மாறுவதுண்டு.